மகளிர் கைவேலைச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வருகை தந்துள்ள சகோதரிகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடிப்பெருக்கு, ஆயுத பூஜை, பொங்கல், மகளிர் தினம் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன.

இவ்வாண்டின் முக்கியப் பணி துணிபொம்மைக் கைத்தையல் வகுப்பு. மெஷின் இருக்கும்போது கைத்தையல் எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். மெஷினில் தைத்தாலும், பொம்மையைப் புறம் திருப்பிப் பஞ்சு அடைத்த பிறகு, அதற்காகத் தைக்காமல் விட்ட திறப்பை மூடக் கைதான் வேண்டும். அதற்கு லேடர் ஸ்டிச். இரு விளிம்பையும் உள்ளே மடித்து, ஒரு பக்க மடிப்புக்குள் ஊசியை 3 மி.மீ. ஓட்டி, நேர் எதிரே மறுபக்க மடிப்பில் நுழைத்து அதே அளவு ஓட்ட வேண்டும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் இரண்டு விளிம்பும் சேர்ந்து நூல் மறைந்துவிடும். கடைசி முடிச்சைப் போட்டு, ஊசியைப் பொம்மையின் உடம்புக்குள் விட்டு வேறிடத்தில் எடுத்து, நூலை ஒட்ட வெட்டினால் முடிச்சும் தெரியாது.

உடம்புத் தையல், ஊசியை ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் கெட்டித் தையலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னோம். ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப் போகும் நூலோட்டம் துணிகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்க மட்டுமே. ஓரம் பிரியாத ஃபெல்ட் துணிக்கு வெளியே தெரியும்படி, ஓரத்தில் நூலைக் கண்ணியாகக் கோத்துப் போகும் பிளாங்கெட் ஸ்டிச் போடலாம், அதுவே அழகு. பனியன் துணி இழுபடும். அதில் நூலோட்டம் போட்டுப் பஞ்சை அழுத்தினால் தையல் இளித்துக்கொண்டு பஞ்சு வெளியே வரும். வகுப்புக்கு வராமலே துணி வாங்கிச் சென்றவர்கள் தைத்துக் கொடுத்த யானைப் பொம்மைகள் அப்படித்தான் கடையிலிருந்து திரும்பி வந்தன. வகுப்புக்கு வந்தவர்களின் உழைப்புக்கும் அதனால் கெட்ட பெயர். அந்த யானைகளைப் பிரித்து மறுபடி தைத்தவர்கள், தங்கள் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து வந்த சில சகோதரிகள்.

பட்டன் கண் வேண்டாம் என்பதிலும் நான் உறுதியாக இருந்தேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அதைப் பிடுங்கி வாயில் போடும், தொண்டையில் அடைக்கும். கண்ணும் மூக்கும் நூலால் நிரப்பித்தான் தைக்க வேண்டும்.

2021 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அட்டைக்குப் படிவம் கொடுத்து, நேரிலும் நினைவூட்டினோம். நிரப்பித் தந்தவர்கள் குறைவு.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வைத்திருக்கிறார், விரும்புவோர் பார்க்கலாம். சுருங்கச் சொன்னால், பொம்மை விற்ற பணம் பஞ்சுக்கும் நூலுக்கும் சரியாய்ப் போயிற்று. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா பாதிப் பேருக்கு மேல் நிலுவை. வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டினால் வணக்கம் வைக்கும் படம் வருகிறது, பணம் வருவதில்லை.

இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், வெட்டுத்துணி கொடுத்து உதவிய பனியன் கம்பெனிகளுக்கும், உடனிருந்த அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள் துணியில் செய்யும் திட்டம் உள்ளது. பஞ்சு மொத்தமாக வாங்கினால்தான் கட்டுபடியாகும். ஆடி பிறப்பதற்குள் நிலுவை வந்தால் வாங்கலாம். இப்பொறுப்பைத் தொடர்வது பற்றியும் அப்போது முடிவு செய்ய எண்ணுகிறேன். சந்தா நோட்டு வாசலருகே மேஜையில் இருக்கிறது. பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்