கதைகளும் சேட்டைகளும் தொகுத்த ஆண்டு: முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் ஆசிரியப் பெருமக்களே, மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு என்று மலையின் நாலா பக்கமிருந்தும் காலை பஸ் பிடித்துக் கொடைக்கானல் வந்து சேர்ந்திருக்கும் முன்னாள் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்து மேற்படிப்புக்காகக் கீழே இறங்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இந்த ஆண்டும் கொடுத்தோம். மழையில் சரிந்த பின்பக்கச் சுற்றுச்சுவரைக் கட்ட நம் பங்கைப் பள்ளியிடம் சேர்த்தாயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களுக்கும், ஹாஸ்டல் சமையற்கட்டில் நமக்கெல்லாம் சோறு போட்ட அம்மாவுக்கும் சங்கத்தின் அஞ்சலியைத் தெரிவித்துக்கொள்கிறேன். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும் கட்டில் வரைக்கும் வந்து கொடுத்தவர் அவர். அவருடைய இறுதிச் சடங்குக்கு ஐந்து தலைமுறை மாணவர்கள் வந்திருந்தார்கள்.

இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். பள்ளி நாட்களில் நாம் கேட்டு வளர்ந்த கதைகளையும், நாம் செய்த சேட்டைகளையும் ஒரே நோட்டில் எழுதிவைப்பது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. பழைய ஹாஸ்டல் கட்டிடத்தைப் பூட்டியாயிற்று. அதில் தங்கிப் படித்த மூத்த செட் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்த கதைகள், சுற்றுலா வருகிறவர்களுக்காக யாரோ போனில் போட்ட கதைகள்தான். இந்த நிலைமை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அதனால் இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட்டேன்.

எழுதுவதற்கு இரண்டு விதிகள் வைத்தோம். கதை என்றால் யார் சொன்னது, எந்த இடத்தில் வைத்துச் சொன்னது என்று எழுத வேண்டும். சேட்டை என்றால், செய்தவர் எழுதினால் மட்டும் போதாது. யாருக்குச் செய்தோமோ அவரையும் கேட்டு எழுத வேண்டும். இரண்டாவது விதி எதற்கு என்று சிலர் முதலில் முணுமுணுத்தார்கள். காரணம் பின்னால் வரும்.

அதிகம் பேர் எழுதியது ஏரிக் கதை. ஏரிக்கு அடியே கிடையாது, உள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது, அது நேரே வெள்ளி அருவியில் போய்த் திறக்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். எதைப் போட்டாலும் மூன்றாம் நாள் அருவியில் கிடைக்குமாம். எழுபதுகளில் படித்தவர்கள் பல பேர், வார்டனின் இடது கால் செருப்பு அப்படிப் போன கதையைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். செருப்பைப் போட்டது யார் என்பதில் ஆளுக்கொரு பெயர். ஆனால் அது அருவிக்குப் பக்கத்து டீக்கடையில் ஆணியில் தொங்கியது என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். வார்டன் வலது கால் செருப்பைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் ஜோடி சேர்த்துக்கொண்டு வந்தார் என்பது ஒரு அண்ணன் சேர்த்த வரி. வார்டனின் குடும்பத்தாரைக் கேட்டோம். அவரே வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாராம். அதனால் நோட்டில் இடம் பெற்றுவிட்டது.

இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடைத் தண்ணீரை மறித்து உண்டாக்கிய ஏரி இது. ஏரி நிறைந்து வெளியேறும் தண்ணீர்தான் மலைப்பாதை ஓரத்தில் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி அருவியாக விழுகிறது. சுரங்கம் கிடையாது, ஆனால் வழி இருக்கிறது. முதன்முதலில் இந்தக் கதையைக் கட்டிய பையனுக்கோ பெண்ணுக்கோ ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்றைய ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்தது விசிலடிக்கும் பையன். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஓடையில் வழுக்கி விழுந்து இறந்த மாணவன் ஒருவன், ஜூனில் பள்ளி திறந்து மழை பிடித்ததும், விடிவதற்கு முன்னால் தண்ணீர் ஓரமாக விசிலடித்துக்கொண்டு திரிவான். பதிலுக்கு விசிலடித்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். இதைக் கேட்டு ராத்திரி பாத்ரூம் போகப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர். தலைமை ஆசிரியர் அனுமதியோடு பழைய பதிவேடுகளைப் பார்த்தோம். அப்படி இறந்த மாணவன் யாரும் இல்லை. விசில் மட்டும் உண்மை. வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், அது மலபார் விசில் பறவை என்று எழுதிக் கொடுத்தார். கருநீல உடம்பு, நெற்றியிலும் தோளிலும் மினுங்கும் நீலம். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஓடைப் பாறை இடுக்கில் கூடு கட்டும். மழைக்காலத்தில்தான் இனப்பெருக்கம் என்பதால் அப்போது அதிகமாகப் பாடும். மெட்டு மறந்துபோன ஆள் ஒருவர் யோசித்து யோசித்து விசிலடிப்பது போலவே இருக்கும் அந்தக் குரல். பறவையின் பெயரை எழுதியதால் கதையை நீக்கிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

கோக்கர்ஸ் வாக் பேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சீனியர்கள் செய்த சேட்டைகளில் இதைவிட நுட்பமானது எனக்குத் தெரிந்து இல்லை. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட அந்தப் பாதையில், முதுகுப் பக்கம் வெயிலும் எதிரே பள்ளத்தில் மேகமும் இருக்கும் நேரம் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பையனைக் கூட்டிப்போய் நிறுத்துவார்கள். மேகத்துக்குள் ஒரு பெரிய உருவம் தெரியும். தலையைச் சுற்றி வானவில் வளையம். கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். அது பிராக்கன் நிழல், நம்முடைய நிழல்தான். மேகத்தில் இருக்கும் பொடிப்பொடி நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வளையம் உண்டாகிறது. இதில் ஒரு விசேஷம். அந்த வளையம் ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றித்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றித் தெரியாது. சீனியர்கள் வரிசையாக நின்று, “எங்க தலையில வளையம் இருக்கா பாரு” என்பார்கள். இருக்காது. “உன் தலையில?” இருக்கும். “அப்ப அது உன்னத்தாண்டா தேடி வந்திருக்கு.” பையன் ஏழு ரோடு வரைக்கும் ஓட்டம். அப்படி ஓடியவர்களில் ஒருவர் இன்று இயற்பியல் ஆசிரியர். இந்தப் பக்கத்தை அவரேதான் எழுதினார், வளையத்துக்குப் படமும் போட்டிருக்கிறார். தன்னை ஏமாற்றிய அண்ணன்களை இன்றுவரை நன்றியோடுதான் பேசுகிறார்.

சரி, அப்சர்வேட்டரி கதை. நம் ஊரில் 1899-ல் நிறுவப்பட்ட வானாய்வகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் இங்கேதான் கண்டுபிடித்தார். நம் ஹாஸ்டலிலோ, அங்கே இருக்கும் தொலைநோக்கியில் யார் சுவர் ஏறிக் குதிப்பது என்பதெல்லாம் தெரியும், அங்கிருந்து வார்டனுக்குப் போன் வரும் என்று நம்பினோம். 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அப்புறம் ஒரு செட், “நாளை மீண்டும் கிரகணம், பள்ளி விடுமுறை” என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டது. மறுநாள் வெளியூர் பஸ்களில் பள்ளிப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எழுதிய அக்கா யார் என்று இப்போதுதான் தெரியவந்தது. கையெழுத்து அவ்வளவு பொருத்தம். அவர் இதே மேடையில் இருக்கிறார், பெயரை அவரே சொல்லட்டும்.

இனி பெத்துப்பாறை. அங்கே இருக்கும் கல்திட்டைகளைக் குள்ளர் குகை என்கிறோம். முழங்கால் உயர மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் அவை, ராத்திரியில் இன்னும் அடுப்பெரிப்பார்கள் என்று கதை. உண்மையில் அவை இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்து மக்கள் பலகைக் கற்களை நட்டு, மேலே மூடுகல் வைத்து எழுப்பியவை. தாண்டிக்குடிப் பக்கமும் இருக்கின்றன. செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார்கள் இந்த மலையின் கல்திட்டைகளைத் தேடி அளந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது.

எண்பதுகளில் ஒரு மாலை, ஹாஸ்டல் பையன்கள் சிலர் மேல்மலையிலிருந்து புதிதாக வந்த ஏழாம் வகுப்பு மாணவனை அங்கே கூட்டிப்போனார்கள். ஒருவன் முன்னாலேயே போய்க் கல்லுக்குள் ஒளிந்து, பையனுடைய அப்பா பெயரைச் சொல்லி அழைத்தான். எல்லோரும் ஓடிவிட்டார்கள். மேகம் இறங்கிவிட்டதால் பையனுக்கு வழி தெரியவில்லை. தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஒரு அம்மா அழுகுரல் கேட்டு, இருட்டியபின் அவனை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார். ரொம்ப நாள் காய்ச்சல். அந்த ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டான்.

இந்தச் சம்பவம் நம் கூட்டங்களில் எத்தனையோ முறை சிரிப்போடு சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது விதிப்படி அவரைத் தேடிப் போனோம். பூண்டு விவசாயம் செய்கிறார். டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். அவர் அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். கல்லுக்குள் கூப்பிட்டது அப்பாவைத் தெரிந்த யாரோ, அல்லது அப்பாவே, என்று நினைத்து நின்றாராம். ஓடாமல் நின்றதற்குக் காரணம் அதுதான். ஒளிந்திருந்தவருக்கு அந்த மரணம் தெரியாது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பார்த்த பெயரை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். ஜனவரியில் அவரும் மற்ற மூன்று பேரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பது நோட்டில் இல்லை. சம்பவம் மட்டும், அந்த விவசாயி சொல்லச் சொல்ல எழுதியபடி, அவர் படித்துச் சரிபார்த்த பிறகு, இடம்பெற்றிருக்கிறது. இனி நம் மேடையில் இதை யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. அவருக்குச் சங்கத்தில் உறுப்பினர் தகுதி இல்லை, பாதியில் நின்றவர் என்று விதியைக் காட்டினார்கள். அந்த விதியை மாற்றும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. தயவுசெய்து ஆதரியுங்கள்.

மாணவியர் எழுதியது நோட்டில் குறைவாக இருந்தது. காரணம் கேட்டபோது, மாலைக் கூட்டத்துக்கு வந்தால் மன்னவனூர், கூக்கால் போகும் கடைசி பஸ் கிடைக்காது, இருட்டில் காட்டுமாடு நிற்கும் சந்து வழியே நடக்க வேண்டும் என்றார்கள். கூட்டங்களைக் காலைக்கு மாற்றினோம். அப்புறம் வந்து குவிந்தன கதைகள். பேரிக்காய்த் தோட்டத்துக்காரரிடம் தினமும் திருடி, பருவம் முடிந்ததும் வகுப்பே சேர்ந்து அவருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தது, என்னைக் கேட்டால், மொத்தத் தொகுப்பிலும் முதல் பக்கத்தில் வர வேண்டியது.

சேர்க்காதவை இரண்டு. தற்கொலை முனையைப் பற்றி வந்த பேய்க்கதைகள் எதையும் எடுக்கவில்லை. அங்கே பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. இன்னொன்று குணா குகை. 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு காலத்திலிருந்து டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்ற இடம் அது. பாண்டவர் சமைத்த அடுப்படி என்று நம் தாத்தாக்கள் சொன்ன கதையைச் சேர்த்திருக்கிறோம். பந்தயம் கட்டி உள்ளே இறங்கிய வீரக் கதைகளையும், இறங்கும் வழியையும் சேர்க்கவில்லை. 2006-ல் விழுந்த கேரள இளைஞரை நண்பர் உயிரைப் பணயம் வைத்து மீட்டார். அதற்கு முன் விழுந்த பலர் மீளவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போகத் தூண்டும் ஒரு வரிகூடச் சங்கத்தின் பெயரில் வரக் கூடாது.

வரும் ஆண்டு வேலைகள்: நோட்டைப் பிரதி எடுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்பது, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஏரியிலிருந்து வெள்ளி அருவி வரை தண்ணீர் போகும் பாதையைக் காட்டக் கூட்டிப்போவது, ஜூன் மழையில் விசில் பறவையின் குரலைப் பதிவு செய்வது. அறுபதுகளில் படித்தவர்களிடம் இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. மலை ஏறி வர முடியாதவர்கள் வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து எழுதிவர இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்று, விதித் திருத்தத் தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
முன்னாள் மாணவர் சங்கம்,
கொடைக்கானல்.