தோளுக்கு ஊசி போடுமுன் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்கு 61 வயது, 12 வருடமாகச் சீனி வருத்தம். போன மாரியில் இடது தோளில் நோ தொடங்கியது. முதலில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் மட்டும்தான் நொந்தது, பிறகு தலை இழுக்க, கொடியில் உடுப்புக் காயப்போட, பின்பக்கக் கொழுக்கி மாட்ட, எதற்குமே கை எழும்பவில்லை. டொக்டர்மார் இதை ஃபுரோசின் ஷோல்டர் என்கிறார்கள். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 வயது தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வரும், அதிலும் பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும்.

அழற்சியைக் குறைக்கிற ஸ்டீரொய்ட் மருந்தை மூட்டுக்குள் ஊசியாகப் போடலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். ஆனால் ஸ்டீரொய்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அயலட்டை முழுக்க, எலும்பு உக்கிப் போகும், முகம் ஊதிப் போகும் என்று பயப்படுத்தியதில் நான் எண்ணெயும் பத்துமாக நாலு மாதத்தைக் கழித்துவிட்டேன். வருடக்கணக்காக ஸ்டீரொய்ட் குளிசை விழுங்குகிறவர்களுக்கு வரும் பிரச்சினைகளை மூட்டுக்குள் ஒரு தரம் போடும் ஊசியோடு சேர்த்துக் குழப்புகிறோம். இந்த ஊசி நன்றாக வேலை செய்வதே நோ கடுமையாக இருக்கும் ஆரம்ப மாதங்களில்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நித்திரையே இல்லாமல் ஒரு தனியார் இடத்தில் போய்ப் போட்டேன். போட்டவர் என் கிளினிக் கொப்பியைத் திறக்கவில்லை, சீனி இருக்கிறதா என்று கேட்கவுமில்லை. அன்றிரவு நோ முன்பைவிடக் கூடியது. அடுத்த நாள் பின்னேரம் வீட்டு மெசினில் பார்த்தால் சீனி 318. காலையில் சாப்பிட்ட தோசைதான் காரணம் என்று நினைத்து இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன். ஒரு கிழமையாகச் சீனி இறங்கவில்லை, வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனார்கள். பிறகு கிளினிக் டொக்டர் விளங்கப்படுத்தினார்: முதல் ஒன்றிரண்டு நாள் சிலருக்கு நோ கூடும், ஊசி மருந்தால் சீனி சில நாளுக்கு ஏறித்தான் இறங்கும், அந்த நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும், குறையாமல் நின்றால் வந்து காட்ட வேண்டும், காய்ச்சலோ மூட்டில் சிவப்பும் வீக்கமுமோ வந்தால் உடனே வர வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதைவிட எனக்கு மனவருத்தம் வேறொன்றில். மூன்றாம் நாளிலிருந்து நோ நன்றாகக் குறைந்தது, நானும் சுகம் என்று நினைத்து கையைத் துவாயில் கட்டிக்கொண்டு மூன்று கிழமை இருந்துவிட்டேன். ஊசி நோவைக் குறைப்பது சில கிழமைக்கோ சில மாதத்துக்கோதான், அந்த இடைவெளியில் கையை அசைத்துப் பழக்கினால்தான் பலன் என்று யாரும் சொல்லவில்லையே! இயன்மருத்துவப் பிள்ளை ஒன்றுதான் பிறகு சொல்லித் தந்தது. மேசையைப் பிடித்துக் குனிந்து நோகிற கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறி எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவது. இப்போது அந்தக் கோடு என் தலைக்கு மேலே போய்விட்டது. முழுதாகச் சுகமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கலாமாம், சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

ஒருதரம் சுகம் கண்டதும் மாதாமாதம் போய் ஊசி போடுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், திரும்பத் திரும்பப் போட்டால் தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் பலவீனமாகும்.

வைத்தியர்மாரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, கிளினிக்கில் நிற்கிற சனத்தை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் இந்த விஷயங்களை எங்கள் பேச்சுத் தமிழில் ஒரு தாளில் அடித்து, ஊசி போடுமுன் கையில் தந்து, சீனி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அரச வைத்தியசாலையோ தனியாரோ, யாராவது அந்தத் தாளைத் தயாரிக்க முன்வந்தால் தமிழைப் பார்த்துத் திருத்திக்கொடுக்க நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.