வண்டியை ஆபீஸிலேயே விட்டுவிடு

மாட்டுங்கா, மும்பை

கண்ணம்மா,

உன் டீமின் சாஃப்ட்வேர் ரிலீஸ் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கீழே பேப்பர் கடைக்காரர் வரைக்கும் அப்பா சொல்லியாகிவிட்டது. நான் ஆஸ்திக சமாஜத்துக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கூரியரில் அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அந்த டப்பாவோடுதான் வருகிறது. போனில் ஆரம்பித்தால் ‘ம், சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரை படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

பார்ட்டி போட்டோ எல்லாம் பார்த்தேன். எல்லோர் கண்ணும் உள்ளே போயிருக்கிறது, ஆனாலும் சிரிப்பு காது வரைக்கும் இருக்கிறது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பேங்கில் சேர்ந்தபோது வருஷக் கணக்கு முடிக்கிற குளோசிங் டிசம்பர் 31-இல் வரும். 1989-இல்தான் அது மார்ச் 31-க்கு மாறியது. ஊரே புது வருஷம் கொண்டாடும் ராத்திரியில் நாங்கள் ஃபோர்ட் பிராஞ்சில் லெட்ஜரும் கையுமாக உட்கார்ந்திருப்போம். பன்னிரண்டு அடித்ததும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதும். தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கூட்டலுக்குப் போய்விடுவோம். கணக்கில் 63 ரூபாய் உதைக்கிறது என்று வைத்துக்கொள். 63 ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் அப்படித்தான் வரும், அப்படியானால் யாரோ எங்கேயோ 81-ஐ 18 என்று மாற்றி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியைத் தேடி, விரலை வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக இறங்க வேண்டும். அகப்பட்டதும் ‘டேலி!’ என்று யாராவது கத்துவார்கள் பார், அந்தச் சத்தத்துக்கு ஈடே கிடையாது. ஆறிப்போன வடா பாவ் அவ்வளவு ருசியாக இருக்கும்.

அதனால் வேலை முடிந்தால் கொண்டாட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நடுராத்திரிக்கு மேல் வீடு திரும்பியவள்தான் நானும். உன் பாட்டி கதவைத் திறந்து ‘மணி என்ன’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை, வெந்நீர் போட்டு வைத்திருப்பார். உன்னையும் நான் மணி கேட்கமாட்டேன்.

ஆனால் பார்ட்டி முடிந்து வீட்டுக்கு எப்படிப் போனாய் என்று கேட்டேன். ‘ஸ்கூட்டர்லதாம்மா’ என்றாய். பெங்களூரில் இந்திராநகரிலிருந்து எச்எஸ்ஆர் லேஅவுட் வரைக்கும், ராத்திரி ஒரு மணிக்கு மேல், தனியாக. அதற்கு முந்தின இரண்டு ராத்திரியும், ரிலீஸ் வேலைக்காக டீமே கூடி உட்காரும் அந்த வார் ரூமில் சரியாகத் தூங்கவில்லை என்று நீயேதான் சொன்னாய்.

பேப்பரில் படித்தேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குத் தடுமாறுகிற அளவுக்குத் தடுமாறுமாம். 1997-இலேயே ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார்கள். நம் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பே 0.03 தான். ஒரு சொட்டுத் தொடாதவருக்கே இந்தக் கதி. நான் தூக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். தூங்காத நாளில் வண்டியைத் தொடாதே. ஆபீஸிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ கேபிலோ போ.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பில்டிங் ரீடெவலப்மென்ட் மீட்டிங் மறுபடி சண்டையில் முடிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் சித்தப்பா திதி. சித்தி பந்தி பரிமாறிக்கொண்டே இருந்தவள், நடுவில் வாசல் பக்கம் சாவி மாட்டுகிற அந்த ஆணியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். நான்தான் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். அன்றைக்கும் அவருக்கு டார்கெட் முடித்த சந்தோஷம்தான். உனக்குத் தெரியாததா? மேலே எழுதவில்லை.

போட்டோவில் உன் முன்னால் இருந்த கிளாஸில் என்ன என்று நான் கேட்கவில்லை. அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். ‘ஜூஸாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டிவரும், இல்லாவிட்டால் போட்டோ அனுப்புவதையே நிறுத்திவிடுவாய். இரண்டுமே எனக்கு வேண்டாம். எனக்குப் பிடிக்கிறதா என்றால் பிடிக்கவில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் என் பயம் கிளாஸ் மேல் இல்லை, அதற்கப்புறம் நீ கையில் எடுக்கிற சாவி மேல். உன் கண் முன்னால் எது இருந்தாலும் சரி, வண்டி மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் மானேஜர் கணக்கு டேலி ஆனதும் பெண்களை எல்லாம் டாக்ஸியில் ஏற்றி, அவரவர் வீட்டு வாசலில் இறங்கியாச்சு என்று தெரிந்த பிறகுதான் கிளம்புவார். இப்போது நீதான் டீம் லீட். உனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த அந்தச் சின்னப் பெண்களை யார் கொண்டுபோய் விட்டார்கள்? அவர்கள் அம்மாவும் ஏதோ ஒரு ஊரில் போனைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள். ராத்திரி ஷிஃப்டில் பெண்கள் இருந்தால் ஆபீஸ் வண்டி தர வேண்டும் என்று கர்நாடகாவில் விதி இருக்கிறது. அதே கேபைப் பார்ட்டிக்கும் கேள். ஆபீஸ் கொடுத்த பார்ட்டிதானே? நீ சொன்னால் கேட்பார்கள். ஒரு பெரிய ரிலீஸையே நடத்திக் காட்டியவளுக்கு நாலு கேப் ஏற்பாடு செய்ய முடியாதா?

அதோடு, முடிந்த ராத்திரியே கொண்டாட வேண்டும் என்று யார் சொன்னது? முதலில் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். ஒரு நாள் விட்டு, சாயங்காலமே தொடங்கி, மெட்ரோ இருக்கும்போதே கிளம்பிவிடுகிற மாதிரி வையுங்கள். தூங்கி எழுந்த உடம்புக்குத்தான் சாப்பாடும் ருசிக்கும், பேச்சும் ருசிக்கும். கூடுதல் வேலைக்கு ஈடாகக் காம்ப்-ஆஃப் லீவு தந்தால் எடு. போன தடவை எடுக்காமலே வீணாக்கினாய். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படு. லேப்டாப்பைக் கண்ணில் படாத இடத்தில் வை.

உன் ஜிபேயில் ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். நீ என்னைவிட எத்தனையோ மடங்கு சம்பாதிக்கிறாய், தெரியும். அது ஆட்டோவுக்கு. திருப்பி அனுப்பாதே. தீர்ந்தால் சொல், இன்னும் போடுகிறேன். எங்கே, எதற்கு, எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்கமாட்டேன்.

நார்த்தங்காய் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஜாடியில் போடு. டப்பா வந்ததும் ஒரு மெசேஜ் அனுப்பு.

அம்மா