சைக்கிளும் ஆயுளும்: வன்னிக்கு எந்தக் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைக்குச் சைக்கிளில் செல்வோருக்கு மரண ஆபத்து 41 வீதம் குறைவு என்று தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இலக்கம் பிழையன்று. 'யூகே பயோபாங்க்' என்ற பிரித்தானியச் சுகாதாரத் தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 263,000 பேரின் விபரங்களை ஆராய்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட முடிவு அது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 1991 முதல் 2016 வரை 300,000 இற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020 இல் வெளியான இன்னோர் ஆய்வில், சொந்த வாகனத்தில் செல்வோரோடு ஒப்பிட்டபோது அந்தக் குறைவு 20 வீதம்தான். கட்டுரையாளர் இதைச் சொல்லாமல் விட்டது குறையே.

இந்த வித்தியாசத்துக்குத் தரவு வந்த வழியும் ஒரு காரணமாக இருக்கலாம். பயோபாங்கில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். பொதுவாக ஊர் மக்களைவிடச் சற்று வசதியும் சுகமும் உள்ளவர்கள். மற்றையதிலோ, ஆண்டின் குறித்த 4 திகதிகளில் பிறந்த அனைவரது குடிசன மதிப்பீட்டு விடைகளும், அவர்களது மரணப் பதிவு, புற்றுநோய்ப் பதிவு என்பவற்றோடு அரச திணைக்களத்தாலேயே இணைக்கப்பட்டுள்ளன. ஆசையுள்ளவர், ஆசையில்லாதவர் என்ற பிரிப்பு அங்கே இல்லை. நெஞ்சு வலியோ முழங்கால் வலியோ வந்தவர் சைக்கிளை விட்டுவிடுவதால், சைக்கிளில் எஞ்சியிருப்பவர்கள் முன்னமே சுகதேகிகளாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் இரண்டுக்கும் பொது.

இதை அப்படியே இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்குப் பொருத்தலாமா என்பதே என் கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பீட்டுப் படிவம், வேலைக்குச் செல்லும் தூரத்தில் பெரும்பகுதியை எதில் கடக்கிறீர்கள் என்று மட்டுமே கேட்கிறது. காலை 6 மணிக்கு ஏ9 வீதியில் ஏதாவதொரு சந்தியில் நின்று பார்த்தால் தெரியும்: உள் ஒழுங்கைகளிலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் உழக்கி வந்த பிள்ளைகள் தேத்தண்ணிக் கடையோரம் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். அந்தப் படிவத்தின்படி அவர்கள் எல்லோரும் பஸ் பயணிகள்.

இன்னொன்று, லண்டனில் வீட்டில் காரை நிறுத்திவிட்டு விரும்பிச் சைக்கிள் எடுப்பவர்கள் பலர். இங்கே மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லாதவரே பெரும்பாலும் சைக்கிளில் போகிறார். பகல் முழுதும் வெய்யிலில் சீமெந்து குழைக்கும் மேசனுக்குச் சைக்கிள் ஓட்டம் மேலதிகமாகத் தருவது எவ்வளவு? வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால், சைக்கிள்தான் ஆயுளைக் குறைக்கிறது என்றுகூட ஒரு விடை வந்துவிடலாம். மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டை வைத்து இதைத் தீர்க்கவும் முடியாது. ஒரு மாவட்டத்தில் எத்தனை சைக்கிள், எத்தனை நீரிழிவு நோயாளர் என்று அறிந்தாலும், சைக்கிள் ஓடுபவருக்கா ஓடாதவருக்கா நோய் என்பது அதில் தெரியாது.

எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் நெல்லும் நோயாளியும் அதன் கரியரில்தான் போயின. ஆராய அதைவிட நல்ல காலம் கிடையாது என்று சிலர் சொல்வதுண்டு. 1981 இற்குப் பிறகு இங்கு முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது என்பதையும், இடப்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் செல்லடியும் கொன்றவர்களிடையே சைக்கிளின் பங்கைத் தேட முடியாது என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சேரும் தரவுக்கு வழி உண்டு. மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்லும் எனது கொப்பியில் எடை, பிரசர், சீனி அளவு எல்லாம் திகதிவாரியாக இருக்கின்றன. புகைப்பதுண்டா, வெற்றிலை போடுவதுண்டா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 30 வருடம் பாடசாலைக்கு எதில் போனேன் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. வேலைக்கு எதில் போகிறீர்கள், சைக்கிள் என்றால் ஒரு வழிக்கு எத்தனை நிமிடம், பஸ் ஏறும் இடம்வரை மட்டுமா என்ற மூன்று கேள்விகளையும் தொழிலையும் அதே பக்கத்தில் சேர்த்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நீக்கிய விபரங்களை ஆண்டுதோறும் வெளியிடுமாறு மாகாண சுகாதாரத் திணைக்களத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.