மலை ஆற்றுப் படுகையின் நீர்ப்பங்கீட்டு மாதிரியை மறுஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மேல்படுகைப் பாசன விவசாயிகள் மற்றும் குடிநீர்ப் பயனாளர்கள்

பெறுநர்:
நீர்வளத் துறைச் செயலர் அவர்கள்

பொருள்: படுகையின் கணினி நீரியல் மாதிரியை வறண்ட மாதங்களின் நீரோட்டத்தைக் கொண்டு மறுபடி சோதிக்கவும், உயரச் சரிவுகளில் மழைமானிகள் அமைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஆற்று நீரை மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் பங்கிடுவதற்கு, மழைக்கணக்கைக் கொண்டு ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணிக்கும் கணினி மாதிரி ஒன்றைத் தங்கள் துறை தயாரித்துள்ளது. மாதிரியே வேண்டாம் என்பது எங்கள் வாதமல்ல. கண்மதிப்பில் மதகு திறப்பதைவிட அது மேலானதுதான். அதற்குள் போன மழைக்கணக்கைப் பற்றியதே எங்கள் கவலை.

மழைமானிகள் அனைத்தும் சாலை செல்லும் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்வதால் மேலே செல்லச் செல்லப் பெரும்பாலும் மழை கூடும். அதே மலையின் மறுபுறம் காய்ந்து கிடக்கும். இதனால்தான் உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி, உள்நாட்டுச் சமவெளியில் 575 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி என்று வைத்து, மலைப்பகுதிக்கு 250 சதுர கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறது. பள்ளத்தாக்கின் அளவை மலை முழுவதற்கும் பொருத்தினால் மழைவரவு குறைத்தே மதிப்பிடப்படும். அந்தக் குறையை மறைக்க, மண்ணின் ஊடுருவல், நிலத்தடிச் சேமிப்பு ஆகியவற்றின் மதிப்புகளை மாற்றி மாற்றி வைத்து நீரோட்டக் கணக்கை நேர்செய்துவிட முடியும். வரைபடத்தில் கணித்த ஓட்டம், அளந்த ஓட்டம் ஆகிய இரு கோடுகளும் அழகாகப் படியும். காரணம் மட்டும் தவறாக இருக்கும்.

ஆற்று நீரை அளப்பதிலும் இதே நிலைதான். நீர்மட்டம் காட்டும் அளவுகோல் காலை 8 மணிக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கப்படுவதால், பிற்பகல் மழைக்கு மாலையில் பெருகி விடியுமுன் வடிந்துவிடும் வெள்ளம் பதிவேட்டில் ஏறுவதேயில்லை. அளவுகோலின் அடி இரண்டு சாண் கூழாங்கல்லில் புதைந்திருக்கிறது. ஆற்றுத்தரை இவ்வாறு மேடேறிய பிறகும், நீர்மட்டத்தை நீரோட்டமாக மாற்றப் பழைய அட்டவணையே பயன்படுகிறது.

மாதிரியின் தரத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் நாஷ்–சட்கிளிஃப் குறியீடு, கணித்த நீரோட்டம் அளந்த நீரோட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பெண்; 1970-இல் வகுக்கப்பட்டது. அது பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டுவதால் வெள்ள நாள்களுக்கே அதில் எடை அதிகம். வறண்ட மாதங்களில் கணிப்பு பாதிக்குப் பாதி தவறினாலும் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. நாங்கள் தண்ணீருக்குத் தவிப்பதோ அந்த மாதங்களில்தான். ஆளுக்கு ஆண்டுக்கு 1,700 கனமீட்டருக்குக் கீழே போனால் நீர் நெருக்கடி என்று கொள்ளும் வரம்பும் இப்படியே. வெள்ளத்தில் ஓடிப்போன நீரையும் சேர்த்த ஆண்டுக்கணக்கு அது.

ஆகவே, உயரச் சரிவுகளில் தானியங்கி மழைமானிகளும் ஆற்றில் தொடர்பதிவு நீர்மட்டமானியும் அமைத்து, குறைந்தது இரண்டு ஆண்டுகளின் பதிவைச் சேர்த்து மாதிரியைத் திருத்த வேண்டுகிறோம். மண்ணின் ஊடுருவல் போன்ற மாதிரியின் மதிப்புகளைப் பொருத்தப் பயன்படுத்தாத வேறு ஆண்டுகளில், குறைநீரோட்டத்தைத் தனியே எடுத்துச் சோதித்து, அதன் முடிவையும் உள்ளீட்டுத் தரவுகளையும் மேல்படுகை, கீழ்ப்படுகை ஆகிய இரு தரப்பாருக்கும் வழங்க வேண்டும். ஆறு உயிரோடிருக்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டத்தைக் கழித்த பின்னரே பங்கீடு கணக்கிடப்பட வேண்டும். அதுவரை இப்போதுள்ள முறைவைத்துப் பாய்ச்சும் ஏற்பாட்டையே தொடர ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்படுகை நீர்ப்பயனாளர்கள்