ஸ்பார்ட்டாவை வீழ்த்தியது லூக்ட்ராவா?

ஆசிரியருக்கு,

கி.மு. 371-ல் பண்டைய கிரேக்கத்தில் நடந்த லூக்ட்ரா போரில், தீப்ஸ் நகரின் போர் உத்தியே ஸ்பார்ட்டாவின் ஆதிக்கத்தை முடித்தது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. தீப்ஸ் தளபதி எபமினோண்டஸ் தன் படையின் இடப்பக்கத்தை 50 வரிசை ஆழத்துக்கு அடுக்கி, 12 வரிசை ஸ்பார்ட்டர்கள் மீது மோதியது உண்மை. ஸ்பார்ட்டா மன்னர் கிளியோம்புரோட்டஸும் மாண்டார். ஆனால் அன்று களத்தில் இருந்த ஸ்பார்ட்டக் குடிமக்கள் சுமார் 700 பேர்தான். அவர்களில் ஏறக்குறைய 400 பேர் மடிந்தனர். கி.மு. 479-ல் பாரசீகர்களுக்கு எதிரான பிளாட்டியா போருக்கு அத்தகைய குடிமக்கள் 5,000 பேரை அனுப்பிய ஊர் அது!

மற்றவர்கள் எங்கே போனார்கள்? சாப்பாட்டு மேசையில் தேடுங்கள். ஒவ்வொரு குடிமகனும் பொது உணவுக்கூடத்துக்கு மாதாமாதம் ஒரு மெடிம்னோஸ் (அக்காலக் கிரேக்கத் தானிய அளவு) வாற்கோதுமை மாவு, எட்டுக் குடுவை திராட்சை மது, ஐந்து மினா எடை பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவருக்குக் குடியுரிமை போயிற்று. நிலமோ வாரிசு, சீதனம் வழியாகச் சில குடும்பங்களிடம் குவிந்துகொண்டே போனது. வெளியாருக்குக் குடியுரிமை தருவதும் மிக அரிது. கி.மு. 404-ல் ஏதென்ஸைப் பணியவைத்தபோதே உள்ளே கறையான் அரித்துக்கொண்டிருந்தது.

லூக்ட்ராவுக்குப் பிறகு, ஸ்பார்ட்டாவின் பிடியில் இருந்த மெசேனியா பகுதி விடுதலை பெற்றதைக் கட்டுரை தொடவே இல்லை. ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமை உழவர்கள் உழுது கொடுத்த அந்த வளமான நிலம் போனபின், உணவுக்கூடப் பங்கை எதை வைத்துக் கட்டுவது?

– ஒரு வாசகர், திருச்சி