தாடைக்கும் பயிற்சி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பூரில் 22 வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து வருகிறேன். போன தீபாவளிக்கு வேலை குவிந்திருந்த சமயத்தில் வலது காதுக்குள் வலி ஆரம்பித்தது. சொட்டு மருந்து விட்டும் வலி குறையவில்லை. காது டாக்டரோ காதில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரியில் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. கொட்டாவி விட்டால் காதோரம் 'டொக்' என்று சத்தம் வரும். இட்லியைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிட்டுத்தான் வாய்க்குள் வைக்க முடிந்தது.

கடைசியில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் ஒரு பெண் டாக்டர்தான் என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, "வாயைத் திறந்து மூடுங்கம்மா" என்றார். நான்கைந்து முறை பார்த்துவிட்டு, "இது தாடை மூட்டு, பிசியோதெரபிக்குப் போங்க" என்று சீட்டு எழுதினார்.

அங்கே முதலில் கேட்டது என் வேலையைத்தான். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது, குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வது, குனிந்த தலை நிமிராமல் ஹெம்மிங் செய்வது எல்லாம் சொன்னேன். வேலை மும்முரத்தில் பல்லை இறுக்கிக் கடித்தபடியே இருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும்.

மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார்கள். எனக்கு இரண்டுதான் போனது. கண்ணாடி முன் வாயைத் திறந்தால் முகவாய் வலப்பக்கம் கோணிக்கொண்டு இறங்கியது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளைக்கு ஆறு தடவை. கையுறை போட்ட கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, கன்னத்தின் கெட்டியான தசையை அழுத்தி நீவினார்கள். முதல் நாள் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், முறுக்கை நிறுத்தினேன். கழுத்து குனியாதபடி உட்காரும் உயரத்தையும் மாற்றினேன். ஆறு வாரத்தில் மூன்றாவது விரல் உள்ளே போனது.

எல்லாத் தாடை வலிக்கும் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன். வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு அடைத்து, வியர்த்துத் தாடை வலித்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே ஓட வேண்டும். ஆனால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் காதோரம் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பாருங்கள் என்று பல் டாக்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிடுங்கிய பல்லைத் திருப்பி வைக்க முடியாதே! மூட்டில் கோளாறு என்றால் பிசியோதெரபிக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் வழக்கமாக வேண்டும்.

எங்கள் தெருவில் பிசிறு வெட்டும் பெண்கள் பலர் பல்லால்தான் நூலை அறுக்கிறார்கள். இரண்டு பேர் காது வலி என்கிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் முட்டிக்கும் கழுத்துக்கும் பயிற்சிப் படம் போடுகிறீர்கள். தாடைக்கும் ஒரு வாரம் போடுங்கள், கத்தரித்து அவர்களிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
திருப்பூர்